வீடு பார்க்க வர்றாங்க!

பெண் பார்க்க வருகிறார்கள் என்றால் நம்ம ஊர் வீடுகளில் என்ன நடக்கும் என்று யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. காலையிலேயே வாசல் தெளித்துப் பெரிய கோலம், பக்கத்து வீட்டிலிருந்து நாலு நல்ல நாற்காலி இரவல், கொடியில் தொங்கும் துணியெல்லாம் ஒரே அறைக்குள் திணிக்கப்பட்டு அந்த அறைக்கு மட்டும் பூட்டு. வீடு பார்க்க வருகிறார்கள் என்றாலும் கிட்டத்தட்ட அதே கூத்துதான். என்ன, இங்கே சொஜ்ஜி பஜ்ஜி கிடையாது. காபியோடு சரி.

இதையே அமெரிக்காவில் ஒரு தொழிலாக ஆக்கி வைத்திருக்கிறார்கள். பெயர் 'ஹோம் ஸ்டேஜிங்'. 1972-ல் சியாட்டில் பக்கம் பார்ப் ஷ்வார்ஸ் என்ற பெண்மணி ஆரம்பித்து வைத்தது என்று சொல்வார்கள். விற்கப்போகும் வீட்டை நாடக மேடை மாதிரி ஜோடிப்பது, அவ்வளவுதான் விஷயம். சாமான்களில் பாதியை அப்புறப்படுத்து, குடும்பப் படங்களைக் கழற்று, சுவருக்கு வெளிர் நிறம் அடி, விளக்கையெல்லாம் போட்டு வை, அடுப்பில் ஏதாவது வாசனையாக வேகட்டும். வருகிறவன் 'இது இன்னொருத்தர் வீடு' என்பதை மறந்து 'இங்கே என் சோபாவைப் போடலாம்' என்று நினைக்க ஆரம்பித்துவிட்டால் பாதி வியாபாரம் முடிந்தது. சோபா, கட்டில், சுவர்ப்படம் எல்லாம் வாடகைக்குக் கொண்டுவந்து வைத்து, விற்றதும் எடுத்துப் போகிற கம்பெனிகளே அங்கே உண்டு. சென்னையில் பழைய மகாபலிபுரம் சாலைப் பக்கம் போனவர்கள் இதன் தம்பியைப் பார்த்திருக்கலாம். மாதிரி ஃபிளாட்! அறை பெரிதாகத் தெரியவேண்டும் என்பதற்காக அதில் கட்டிலைக் கொஞ்சம் சின்னதாகவே செய்து போடுவார்கள் என்று ஒரு பேச்சு உண்டு. எவனும் படுத்துப் பார்க்கப் போவதில்லை, பாருங்கள்.

சரி, இந்த வித்தையைத் திருவிடைமருதூரில் காட்டினால் என்ன ஆகும்?

ஊரைத் தெரியாதவர்களுக்காக: கும்பகோணத்திலிருந்து மயிலாடுதுறை போகிற சாலையில், ஒன்பது கிலோமீட்டர் வாக்கில் இருக்கிறது. மகாலிங்கசுவாமி கோயில், மருத மரம், தைப்பூசத் தேர், தேர் திரும்புவதற்குத் தோதான அகலமான வீதிகள். கிழக்கு வாசல் வழியாக உள்ளே போன வரகுண பாண்டியன், வெளியே பிரம்மஹத்தி காத்திருந்ததால் வேறு வாசல் வழியாக வெளியேறினான் என்பது தலபுராணம். அதனால் இன்றைக்கும் இந்தக் கோயிலுக்குப் போகிறவர்கள் போன வாசல் வழியாகத் திரும்பி வரமாட்டார்கள். (வீடு பார்க்க வருகிறவர்கள் மட்டும்தான் வந்த வாசல் வழியாகவே போய், அப்புறம் போனையும் எடுக்காதவர்கள்.) 1798-ல் தஞ்சாவூர் சிம்மாசனத்தை சரபோஜிக்கு விட்டுக்கொடுக்க வேண்டி வந்த அமர்சிங் இந்த ஊரில் வந்து குடியிருந்தார். அவரைச் சுற்றிச் சின்னதாக ஒரு சபையும் சங்கீதமும் இருந்தன. நந்தனார் சரித்திரக் கீர்த்தனை எழுதிய கோபாலகிருஷ்ண பாரதியார் இந்துஸ்தானி சங்கீதம் கற்றதும் இங்கேதான். பெரிய மனிதர்கள் புழங்கிய ஊர் என்பதற்கு இவ்வளவு போதும்.

இந்த ஊரில், தேர் வீதிக்குப் பின்னால் உள்ள ஒரு தெருவில், ஓய்வுபெற்ற தமிழ் வாத்தியார் ஒருவரின் வீடு விற்பனைக்கு வந்தது. மனைவி போய் ஆறு வருஷம். இரண்டு முழங்காலும் தகராறு. மகள் சென்னையில், மகன் நியூஜெர்சியில். ஆபரேஷன் செய்துகொண்டு மகளோடு போய் இருப்பது என்று முடிவாகிவிட்டது. ஆபரேஷனுக்குப் பணம் வேண்டும், மாடி ஏறாத மாதிரி மகள் வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு சின்ன இடம் வேண்டும். இரண்டும் இந்த வீட்டை விற்றால்தான் நடக்கும்.

வீடு எப்படிப்பட்டது என்று சொல்லியாக வேண்டும். தெற்குப் பார்த்த வீடு. வாசலில் இரண்டு பக்கமும் திண்ணை, அப்புறம் ரேழி, அப்புறம் நாலு தூண் வைத்த கூடமும் முற்றமும், அதைத் தாண்டி இரண்டாம் கட்டில் சமையலறை, கடைசியில் கொல்லை, கிணறு, ஒரு காலத்தில் மாடு கட்டியிருந்த கொட்டகை. அகலம் குறைச்சல், நீளம் ரொம்ப ஜாஸ்தி. ரயில் பெட்டி மாதிரி. பக்கத்து வீட்டுக்கும் இந்த வீட்டுக்கும் பொதுச் சுவர், ஆகையால் பக்கவாட்டில் ஜன்னலே கிடையாது. வெளிச்சம், காற்று, மழை மூன்றும் முற்றத்து வழியாகத்தான் உள்ளே வரவேண்டும். கூரை நாட்டு ஓடு. வருஷத்துக்கு ஒரு தடவை ஆள் ஏறி ஓட்டைப் பிரித்து மாற்றி அடுக்க வேண்டும், இல்லாவிட்டால் கோயில் குரங்குகள் நடந்த வழியெல்லாம் ஒழுகும். ஓட்டு வேலை தெரிந்த ஆள் இப்போது கிடைப்பதில்லை என்பது தனிக் கதை.

புரோக்கர் வந்தார். வீட்டை ஒரு சுற்று சுற்றிவிட்டுச் சொன்ன முதல் வாக்கியம்: "அய்யா, தெற்குப் பார்த்த வாசலா இருக்கு. பரவால்ல, பாத்துக்கலாம்."

அந்தப் 'பரவால்ல'-வில் சில லட்சம் குறைந்துவிட்டது என்று வாத்தியாருக்கு அப்போது தெரியாது.

அடுத்து அவர் சொன்னதெல்லாம் பார்ப் ஷ்வார்ஸ் அம்மையார் சொன்னதுதான், தஞ்சாவூர் பாஷையில். பரணில் கிடக்கிற பழைய சாமானைக் கடைக்குப் போடுங்க. மாட்டுக் கொட்டகையைப் பிரிச்சிடுங்க. வெளிநாட்டு டாய்லெட் ஒண்ணு கட்டாயம். சுவருக்கு எமல்ஷன். ஊஞ்சல் அப்படியே இருக்கட்டும், அதைப் பார்த்தா எல்லாருக்கும் ஒரு ஆசை வரும். முடிஞ்சா ஒரு பக்கத் திண்ணையை இடிச்சுட்டா கார் நிறுத்த இடம் கிடைக்கும், விலை நல்லாப் போகும். திண்ணையை இடிக்க வாத்தியார் ஒப்புக்கொள்ளவில்லை. மற்றதற்கெல்லாம் தலையாட்டினார்.

கடைசியாகக் கூடத்தில் நின்று மேலே பார்த்தார் புரோக்கர். வரிசையாகப் படங்கள். வாத்தியாரின் தாத்தா, பாட்டி, அப்பா, அம்மா, கடைசியில் பொட்டும் சந்தன மாலையுமாக மனைவி.

"போட்டோவ மட்டும் கொஞ்ச நாளைக்கு உள்ள வெச்சிருங்கய்யா. வர்றவங்க மொதல்ல அதத்தான் பாக்குறாங்க. வூட்ல இத்தன சாவா, என்னன்னு போச்சுன்னு கேப்பாங்க."

"அவ இருந்த வீடுதானே தம்பி."

"அதுக்கில்லய்யா..."

குடும்பப் படங்களை எடுத்துவிடு என்று அமெரிக்காக்காரர்களும்தான் சொல்கிறார்கள். ஆனால் அங்கே அதற்குக் காரணம், வாங்க வருகிறவன் தன் குடும்பத்தை அந்தச் சுவரில் கற்பனை செய்துகொள்ள வேண்டும் என்பது. இங்கே காரணம் பயம். நூறு வருஷ வீடு என்றால் அதில் பத்துப் பேர் பிறந்திருப்பார்கள், பத்துப் பேர் போயிருப்பார்கள், இதில் அதிசயப்பட என்ன இருக்கிறது? ஆனாலும் வாங்குகிறவர்கள் கேட்கத்தான் செய்கிறார்கள். மகள் சென்னையிலிருந்து வந்திருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, எல்லாப் படத்தையும் துடைத்துப் பழைய வேட்டியில் சுற்றி அலமாரிக்குள் வைத்தாள். சுவரில் படம் மாட்டியிருந்த இடமெல்லாம் சதுரம் சதுரமாக வெளுப்பாகத் தெரிந்தது. அதற்காகவே சீக்கிரம் பெயிண்ட் அடிக்க வேண்டியதாயிற்று.

இப்போது சுவருக்கு வருவோம். இந்தக் கதையில் உண்மையான சிக்கல் அங்கேதான் இருக்கிறது.

காவிரிக் கரையோர ஊர்களில் பழைய வீடுகளுக்கு ஓதம் என்று ஒரு வியாதி உண்டு. அஸ்திவாரத்துக்கும் சுவருக்கும் நடுவே ஈரத்தைத் தடுக்க இப்போது போடுகிற கான்கிரீட் பட்டை அந்தக் காலத்தில் கிடையாது. மெல்லிய செங்கல், மண் அல்லது சுண்ணாம்புக் கலவை. ஐப்பசி கார்த்திகை மழையில் நிலத்தடி நீர் மேலே வந்துவிடும். விளக்குத் திரி எண்ணெயை உறிஞ்சுகிற மாதிரி செங்கல் அந்த நீரை உறிஞ்சி மேலே ஏற்றும். தண்ணீர் சும்மா ஏறாது, மண்ணில் உள்ள உப்பையும் கரைத்துக் கொண்டு ஏறும். சுவரின் மேல்பரப்புக்கு வந்ததும் தண்ணீர் ஆவியாகிவிடும், உப்பு அங்கேயே தங்கிப் படிகமாகும். படிகமாகும்போது பருத்து, பூச்சைப் பொரித்துத் தள்ளும். சுவர் உப்புப் பூக்கிறது என்று சொல்வது இதைத்தான்.

சுண்ணாம்பு பூசிய சுவர் இதை ஓரளவு தாங்கும். சுண்ணாம்பில் நுண்ணிய துளைகள் உண்டு, ஈரம் உள்ளே அடைபடாமல் வெளியே போய்விடும். வருஷா வருஷம் பொங்கலுக்கு வெள்ளையடிப்பதில் அழகு பாதி, வைத்தியம் பாதி. ஆனால் அதே சுவரில் சிமெண்ட் பூசினாலோ, பட்டி பார்த்து பிளாஸ்டிக் எமல்ஷன் அடித்தாலோ என்ன ஆகும்? ஈரத்துக்கு வெளியே வர வழி இல்லை. ஒன்று, இன்னும் மேலே ஏறும். அல்லது பெயிண்டையே கொப்புளமாகத் தள்ளும். வீட்டை விற்பதற்காகச் செய்கிற முதல் காரியமே வீட்டுக்குக் கெடுதல் என்றால் எப்படி இருக்கிறது!

பெயிண்டருக்கு இதெல்லாம் தெரியாமல் இல்லை. சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு வெளிப்படையாகவே சொன்னார்: "இப்ப வைகாசி. பட்டி பாத்து ரெண்டு கோட்டு அடிச்சிர்றேன் சார். ஐப்பசி மழை வரைக்கும் கவலயில்ல."

அதாவது, ஐப்பசிக்குள் விற்றுவிட வேண்டும்.

சந்தன நிறத்தில் சுவர்கள் பளபளவென்று ஆயின. மகள் முற்றத்தில் துளசி மாடத்துக்குப் பக்கத்தில் இரண்டு பெரிய பித்தளை அண்டாவைப் புளி போட்டுத் துலக்கி வைத்து, காலை வெயில் சரிவாக விழுகிற நேரம் பார்த்துப் போட்டோ எடுத்தாள். போட்டோவில் கூடம் கல்யாண மண்டபம் மாதிரி இருந்தது. நியூஜெர்சி தம்பி வாட்ஸப்பில் பார்த்துவிட்டு, "அக்கா, இது நம்ம வீடா? விக்காம வெச்சுக்கலாம் போலருக்கே" என்று எழுதினான். விற்காமல் வைத்துக்கொண்டால் ஓட்டை யார் மாற்றி அடுக்குவது என்று அக்கா பதில் கேள்வி கேட்டாள். அதற்குப் பதில் வரவில்லை.

ஆடியில் யாரும் வரவில்லை. ஆடியில் வீடு பார்க்க யார் வருவார்கள்? ஆனால் நல்ல நாள் மோகம் எந்த அளவு என்றால், ஆடிப்பெருக்கு போன்ற நாட்களில் கூட்டம் தாங்காமல் பதிவுத்துறையே கூடுதல் டோக்கன் கொடுக்கிறது.

ஆவணியில் பெங்களூரிலிருந்து ஒரு தம்பதி வந்தார்கள். மென்பொருள்காரர்கள். பூர்வீகம் இந்தப் பக்கம்தானாம், லீவுக்கு வந்து தங்க ஒரு பழைய வீடு தேடிக்கொண்டிருந்தார்கள். வாசல்படி ஏறியதிலிருந்தே இருவருக்கும் வாய் மூடவில்லை. திண்ணை பிடித்தது, தூண் பிடித்தது, ஊஞ்சல் ரொம்பவே பிடித்தது. ஆடிப் பார்த்தார்கள், படம் எடுத்துக்கொண்டார்கள். "தாத்தா பாட்டி படமெல்லாம் இல்லையா? இந்த மாதிரி வீட்டில் வரிசையா மாட்டியிருப்பாங்களே" என்று அந்தப் பெண் கேட்டார்! புரோக்கர் மேலே பார்த்தார், கீழே பார்த்தார்.

டிகிரி காபி வந்தது. விலையும் ஏறக்குறைய படிந்து வந்த மாதிரி இருந்தது. டம்ளரைக் கீழே வைக்கும்போது வாத்தியார் மெதுவாக ஆரம்பித்தார். "ஒரு விஷயம் தம்பி. இந்தச் சுவர்ல ஓதம் ஏறும். ஐப்பசில வந்து பாத்தா இடுப்பு உயரத்துக்கு ஈரம் தெரியும். இப்பப் பெயிண்ட் அடிச்சிருக்கறதால தெரியல. ரெண்டாம் கட்டுல ரெண்டு கைமரத்துல கரையானும் இருக்கு. மருந்து அடிச்சிருக்கேன், ஆனா இருக்கு."

தம்பதி யோசித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டுப் போனார்கள். போனவர்கள் போனவர்கள்தான்.

புரோக்கர் அன்று சாயங்காலம் மகளுக்குப் போன் செய்து புலம்பிவிட்டார். மகள் அப்பாவைக் கூப்பிட்டாள்.

"ஏம்ப்பா, அவங்க கேட்டாங்களா? உங்கள யாரு சொல்லச் சொன்னா?"

"கேக்கல. அதனாலதான் சொன்னேன்."

மகளுக்குக் கோபம் ஆறவில்லை. அவள் கோபத்திலும் நியாயம் இருக்கிறது. ஆபரேஷன் தேதி தள்ளிப் போகிறது, ஒவ்வொரு மாதமும் அப்பா தடுக்கி விழாமல் இருக்க வேண்டுமே என்று சாமிக்கு வேண்டிக்கொண்டு கிடப்பவள் அவள்தான். 'பழைய வீடு என்றால் ஓதம் இருக்கும் என்று வாங்குகிறவனுக்குத் தெரியாதா, சின்னக் குழந்தையா அவன்?' என்பது அவள் வாதம்.

வேடிக்கை என்னவென்றால், வாத்தியார் சொன்ன அந்த ஒரு வரிதான் சட்டமும். சொத்து மாற்றுச் சட்டம் 1882, 55-ஆம் பிரிவு. விற்பவருக்குத் தெரிந்து, வாங்குபவருக்குத் தெரியாமல், சாதாரண கவனத்தோடு பார்த்தாலும் கண்டுபிடிக்க முடியாத முக்கியமான குறை ஏதாவது சொத்தில் இருந்தால், விற்பவர் அதைச் சொல்லியாக வேண்டும். வேறுவிதமாக ஒப்பந்தம் இல்லாதவரை இதுதான் விதி. வேண்டுமென்று சொல்லாமல் விடுவது மோசடிக்குச் சமம் என்று அதே பிரிவின் கடைசியில் போட்டிருக்கிறது. கண்ணுக்குத் தெரிகிற குறையை வாயால் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை, வாங்குகிறவன் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். அப்படியென்றால் பட்டி பார்ப்பதற்கு முன்னால் அந்த ஓதம் கண்ணுக்குத் தெரிகிற குறை. பட்டி பார்த்து எமல்ஷன் அடித்த பிறகு? ஒரு டப்பா பெயிண்ட் ஒரு குறையை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்குத் தள்ளிவிடுகிறது! ஜோடனைக்கும் மறைப்புக்கும் நடுவே கோடு எங்கே என்று கேட்டால், ஏறக்குறைய இந்த இடத்தில் போடலாம். அண்டாவைத் துலக்கி வைப்பது ஜோடனை. கரையான் அரித்த கைமரத்துக்கு வார்னிஷ் அடிப்பது வேறு சமாச்சாரம்.

நடுவில் பத்திரப் படலம் ஒன்றும் ஓடியது. சுவரை எவ்வளவு ஜோடித்தாலும் வாங்குகிறவன் கடைசியில் பார்ப்பது காகிதத்தைத்தானே. தாய்ப்பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று. கோயில் ஊர்களில் கூடுதலாக ஒரு கேள்வி வரும்: அடிமனை யாருடையது? மகாலிங்கசுவாமி கோயில் திருவாவடுதுறை ஆதீனத்தின் நிர்வாகத்தில் இருக்கிறது. இந்த மாதிரி ஊர்களில் தரை கோயிலுக்கோ மடத்துக்கோ சொந்தமாக, மேலே உள்ள கட்டிடம் மட்டும் குடியிருப்பவருக்குச் சொந்தமாக இருப்பது சகஜம். அப்படி இருந்தால் எந்த எமல்ஷனும் காப்பாற்றாது. வாத்தியார் வீட்டுக்கு அந்தத் தொல்லை இல்லை. வேறு தொல்லை இருந்தது. வீடு அப்பா பெயரில் இருந்தது, அப்பா உயில் எழுதாமல் போனவர், வாத்தியாருக்குத் திருச்சியில் ஓர் அக்கா.

அப்பா உயில் எழுதாமல் போனால் அவர் சொத்தில் மகளுக்கும் பங்கு என்பது 1956 இந்து வாரிசுரிமைச் சட்டத்திலேயே இருக்கிறது. பிதுரார்ஜிதச் சொத்தில் பிறப்பாலேயே உரிமை என்பது தமிழ்நாட்டில் 1989-ல் வந்தது, அதுவும் அப்போது கல்யாணம் ஆகாத பெண்களுக்கு. நாடு முழுவதற்கும், கல்யாணம் ஆனவர்களையும் சேர்த்து, 2005-ல் வந்தது. 2005-ல் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்கிற அவசியம் இல்லை என்று 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. எப்படிப் பார்த்தாலும் அக்கா கையெழுத்து இல்லாமல் வீடு விலை போகாது. நம்ம ஊரில் எத்தனையோ வீடுகள் பூட்டியே கிடந்து இடிந்து விழுவது இந்த ஒரு கையெழுத்துக்காகத்தான்.

வாத்தியார் தயங்கித் தயங்கித்தான் அக்காவுக்குப் போன் செய்தார். எழுபத்தெட்டு வயது அக்கா. பங்கு எவ்வளவு என்று பேச ஆரம்பித்தவரை நடுவிலேயே நிறுத்திவிட்டார். "பணத்த வெச்சு நான் என்னடா பண்ணப் போறேன். கையெழுத்துப் போட்டுத் தரேன். எனக்கு அந்த ஊஞ்சப் பலகைய மட்டும் அனுப்பி வை."

ஊஞ்சல்தான் வீட்டின் விற்பனைக் கவர்ச்சியே என்று புரோக்கர் சொல்லியிருக்கிறார். வீடு விற்கிற வரைக்கும் அதைக் கழற்றக் கூடாது. அக்காவும் சரி, இருக்கட்டும் என்றார். ஆனால் தேதி மட்டும் வாரத்துக்கு ஒருமுறை போன் செய்து கேட்டுக்கொண்டிருந்தார்.

இதற்குள் பழைய மரச்சாமான் வாங்குகிற ஆட்கள் மோப்பம் பிடித்து வந்துவிட்டார்கள். காரைக்குடியில் இதற்கென்றே கடைகள் உண்டு. செட்டிநாட்டு வீடுகளைப் பிரித்த தூண், நிலை, கதவு, உத்தரம் எல்லாம் அங்கிருந்துதான் ஊர் ஊராக ஹோட்டலுக்கும் பண்ணை வீட்டுக்கும் போகின்றன. வந்தவர் கூடத்துத் தூணை நகத்தால் கீறிப் பார்த்துவிட்டு பர்மா தேக்கு என்றார். தலைவாசல் கதவும் நிலையும், நாலு தூணும் சேர்த்து ஒரு தொகை சொன்னார். அந்தத் தொகை, வீட்டில் மனையைக் கழித்துவிட்டு மீதிக் கட்டிடம் முழுவதற்கும் புரோக்கர் போட்டிருந்த மதிப்பைவிட ஜாஸ்தி! உடைத்தால் விலை, உடைக்காவிட்டால் விலை இல்லை. சென்னைக்குப் பக்கத்தில் முட்டுக்காட்டில் 1996-ல் திறந்த தட்சிணசித்ராவில் தஞ்சாவூர் விவசாயி வீடு ஒன்றை அமைத்து வைத்திருக்கிறார்கள். டிக்கெட் வாங்கி எல்லோரும் வரிசையில் நின்று பார்க்கிறார்கள். அந்த மாதிரி வீடு இங்கே காலியாக நிற்கும்போதோ, குழிக்கு இவ்வளவு என்று தரைக்கு மட்டும் விலை சொல்கிறார்கள். (வெளியூர் நண்பர்களுக்கு: ஒரு குழி என்பது 144 சதுர அடி.)

கதவை விற்றுவிட்டு வீட்டை விற்க முடியாது என்று வாத்தியார் அவரை அனுப்பிவிட்டார். அதுவும் சட்டப்படி சரிதான். தனியாக எழுதாவிட்டால் ஒரு வீட்டின் கதவு, ஜன்னல், பூட்டு, சாவி எல்லாம் வீட்டோடு சேர்ந்தே போகும் என்று அதே 1882 சட்டத்தின் 8-ஆம் பிரிவு சொல்கிறது.

ஐப்பசி வந்தது. பெயிண்டர் சொன்ன வாக்கைக் காப்பாற்றினார். மழை ஆரம்பித்த பத்தாம் நாள், ரேழிச் சுவரில் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் முதல் கொப்புளம். தீபாவளிக்குள் முழங்கால் உயரம். கார்த்திகை தீபத்தன்று சந்தன நிறம் தோல் உரிந்து, உள்ளே பழைய சுண்ணாம்பு எட்டிப் பார்த்தது. வெள்ளையடித்திருந்தால் கறை படிந்திருக்கும், இப்படி உரிந்து தொங்கியிருக்காது.

அந்த நிலையில்தான் அடுத்த ஆள் வந்தார். உள்ளூர் வியாபாரி. புரோக்கர் வாசலிலேயே வாத்தியார் காதில், "அய்யா, இந்தத் தடவ நீங்க ஒண்ணும் பேசாதீங்க" என்று கெஞ்சினார். பேசுவதற்கு அவசியமே இல்லை, சுவரே எல்லாவற்றையும் பேசிக்கொண்டிருந்தது. ஆனால் வந்தவர் சுவரைப் பார்க்கவில்லை. தூணைப் பார்க்கவில்லை, ஊஞ்சலையும் பார்க்கவில்லை. நேராகக் கொல்லைக்குப் போய் டேப் பிடித்து அளந்தார். பின் தெரு வழி எத்தனை அடி என்று கேட்டார். தாய்ப்பத்திரத்தின் நகல் வாங்கிக்கொண்டார்.

"சுவர்ல ஓதம் ஏறும் தம்பி" என்றார் வாத்தியார், கேட்காமலேயே.

"இருக்கட்டும் சார். எப்படியும் இடிச்சுட்டுத்தானே கட்டப் போறோம்."

வாத்தியார் சிறிது நேரம் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம், "கிணறு?" என்று கேட்டார்.

"கிணறு வடகிழக்குல இருக்கே. ஈசானிய மூலை. அத மூடக் கூடாதுன்னு வாஸ்து பாக்குறவர் சொல்லிட்டார். அத அப்படியே வெச்சுக்குவோம் சார்."

எமல்ஷன், வெளிநாட்டு டாய்லெட், புளி போட்டுத் துலக்கிய அண்டா எதுவும் செய்யாத வேலையை, யாருமே ஜோடிக்காத ஒரு கிணறு செய்துவிட்டது. விலை, பெங்களூர் தம்பதியிடம் பேசியதைவிடக் குறைவுதான். ஆனால் ஆபரேஷனுக்கும் அந்தச் சின்ன இடத்துக்கும் கணக்குப் போட்டால் போதும் என்று மகள் சொன்னாள். வாத்தியார் ஒரே ஒரு நிபந்தனை வைத்தார்: ஊஞ்சல் பலகையும் சங்கிலியும் கிரையத்தில் சேராது என்று எழுத வேண்டும். "இத எல்லாம் எழுதணுமா சார், எடுத்துட்டுப் போங்க" என்று வியாபாரி சிரித்தார். தூண்களைப் பற்றி வாத்தியார் கேட்கவில்லை. காரைக்குடிக்காரர் சொன்ன தொகையை வியாபாரியிடம் சொல்லவும் இல்லை. அவருக்கு அது ஏற்கெனவே தெரிந்திருக்கும் என்று புரோக்கர் பிற்பாடு சொன்னார்.

மார்கழியில் பத்திரம் பண்ணமாட்டார்கள். தை பிறந்ததும் டோக்கன் போட்டார்கள். முத்திரைத் தீர்வை 7 சதவீதம், 2023 ஏப்ரலில் மாறிய கணக்குப்படி பதிவுக் கட்டணம் 2 சதவீதம், ஆக 9 சதவீதம் வாங்குகிறவர் செலவு. சார்பதிவாளர் அலுவலகத்தில் அக்கா ஒரு கையெழுத்து, தம்பி ஒரு கையெழுத்து, கைரேகை, வெப்கேமராவில் போட்டோ. அரைமணி நேரத்தில் முடிந்தது. அக்கா அங்கிருந்து நேராக வீட்டுக்கு வந்து, டெம்போவில் ஊஞ்சல் பலகை ஏறுகிற வரைக்கும் திண்ணையிலேயே உட்கார்ந்திருந்தார்.

தைப்பூசத் தேர் பார்த்துவிட்டுக் காலி செய்கிறேன் என்று வாத்தியார் கேட்டதற்கு, தாராளமாக இருங்கள் சார் என்று வியாபாரி சொல்லியிருந்தார். பத்திரம் முடிந்த மறுநாள் வாத்தியார் அலமாரியைத் திறந்து, வேட்டிக்குள்ளிருந்து மனைவி படத்தை எடுத்து, கூடத்தில் அதே ஆணியில் மாட்டினார். இனிமேல் வீடு பார்க்க யாரும் வரப்போவதில்லை. தேர் முடிந்து நாலாம் நாள் மகள் காரோடு வந்தாள். படம் பின் சீட்டில் வந்தது.

மாசியில் ஓடு பிரித்தார்கள். இப்போது அங்கே இரண்டு மாடி எழும்பிவிட்டது, கீழே கடை. பின்பக்கம் கிணறு இருக்கிறது. குழந்தைகள் விழாமல் இருக்க மேலே இரும்பு வலை போட்டிருக்கிறார்கள்.